பாட்டு, பேச்சு, விளம்பரம்: சென்னை எஃப்எம் ஏன் இப்படி ஒலிக்கிறது?

தனியார் வானொலிகள் டிஜிட்டலுக்கு மாறுவது பற்றிய பரிந்துரைகளைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2025 அக்டோபரில் மத்திய அரசிடம் கொடுத்தது. சென்னை உட்பட 13 நகரங்கள் அதில் இடம்பெற்றிருக்கின்றன. இப்போதைய எஃப்எம் நின்றுபோகுமா, காரில் இருக்கும் ரேடியோ வீணாகிவிடுமா என்ற குழப்பம் பலருக்கு. கூடவே ஒரு பழைய புகாரும் எழுந்திருக்கிறது. எந்த நிலையத்தைத் திருப்பினாலும் அதே நாலு பாட்டு, அதே சிரிப்பு, அதே நகைக்கடை விளம்பரம். டிஜிட்டலில் ஒரு அலைவரிசைக்கு மூன்று சேனல் கூடினால் இது மாறுமா, அல்லது இதுவே மூன்று மடங்காகுமா?

பாட்டைத் தேர்வு செய்பவர்களின் சோம்பலையோ ஆர்ஜேக்களின் ரசனையையோ குறை சொல்வது எளிது. ஆனால் ஒரு தனியார் எஃப்எம் நிலையம் எப்படி ஒலிக்க வேண்டும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பவை மூன்று காகிதங்கள்: அரசு தரும் உரிமம், பாட்டுக்கான ராயல்டி (உரிமைத்தொகை) ஆணை, விளம்பரக் கட்டணப் பட்டியல். இந்த மூன்றையும் புரிந்துகொண்டால் டிஜிட்டல் பற்றிய கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

அலைவரிசை எதற்கு ஏலம் போகிறது?

எஃப்எம் ஒலிபரப்பு 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டைக்குள் நடக்கிறது. பட்டை அகலமாகத் தெரிந்தாலும் ஒரே ஊரில் இரண்டு நிலையங்களை ஒட்டி வைக்க முடியாது. ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடும். இந்தியாவில் இதற்கு 0.8 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி விடுவது வழக்கம். சென்னை வரிசையைப் பாருங்கள்: 91.1, 91.9, 92.7, 93.5, 94.3. ஒவ்வொன்றுக்கும் நடுவே சரியாக 0.8. ஆகாசவாணி என்ற அகில இந்திய வானொலிக்கும் சமுதாய வானொலிக்கும் ஒதுக்கியது போக, தனியாருக்கு மிஞ்சுவது விரல்விட்டு எண்ணும் அளவுதான். அதனால்தான் ஏலம்.

எஃப்எம் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வது. கோபுரம் எவ்வளவு உயரம், டிரான்ஸ்மிட்டர் எவ்வளவு சக்தி என்பதைப் பொறுத்து ஐம்பது, அறுபது கிலோமீட்டர் எட்டும். சென்னையிலிருந்து கிளம்பிய பேருந்து திண்டிவனத்தை நெருங்குவதற்குள் பாட்டு கரகரக்கத் தொடங்குவது இதனால்தான். ஆகவே உரிமமும் ஊருக்கு ஊர் தனித்தனி. சூரியன் எஃப்எம் பல ஊர்களில் அதே 93.5 என்ற எண்ணில் கேட்டாலும், சட்டப்படி ஒவ்வொரு ஊரிலும் அது வேறு உரிமம், வேறு நிலையம்.

இந்த அலைவரிசைகள் யாருடைய சொத்து என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் விடை சொன்னது. கிரிக்கெட் ஒளிபரப்பு தொடர்பான வழக்கு அது. அலைவரிசை பொதுச் சொத்து, அரசின் ஏகபோகமல்ல என்றது தீர்ப்பு. தனியார் வானொலிக்குக் கதவு திறந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

தனியாருக்கு முன்பு

சென்னையின் வானொலிக் கதை 1924-இல் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்புடன் தொடங்குகிறது. பணமில்லாமல் அது 1927-இல் படுத்துவிட, டிரான்ஸ்மிட்டரை மாநகராட்சி வாங்கி 1930 முதல் நடத்தியது. 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது. இந்தியாவின் முதல் எஃப்எம் ஒலிபரப்பும் சென்னையில்தான், 1977 ஜூலை 23-இல் தொடங்கியது. அப்போது எஃப்எம் வாங்கக்கூடிய ரேடியோ பெட்டி எத்தனை வீட்டில் இருந்திருக்கும் என்பது வேறு விஷயம்.

இன்றைய நிகழ்ச்சிகளின் வேர் சென்னையில் மட்டும் இல்லை, பாதி கொழும்பில் இருக்கிறது. 1950-களில் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த பி.வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஓரங்கட்டினார். நேயர்கள் இலங்கை வானொலிக்குத் திருப்பிக்கொண்டார்கள். நேயர்களை மீட்க 1957 அக்டோபரில் விவித் பாரதி தொடங்கப்பட்டது. ஆனாலும் இலங்கையின் தமிழ் வர்த்தக ஒலிபரப்புக்குத் தமிழ்நாட்டில் நேயர் கூட்டம் பல ஆண்டுகள் நீடித்தது. கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது ஆகியோரின் குரலைத் தெரியாத வீடு தென் மாவட்டங்களில் குறைவு. 'பொங்கும் பூம்புனல்', 'இசையும் கதையும்', 'பாட்டுக்குப் பாட்டு', கூடவே பிறந்தநாள் வாழ்த்து, நேயர் விருப்பம். பாட்டுக்கு நடுவே நேயரின் பெயரையும் ஊரையும் சொல்வது, விளம்பரத்தையே ரசிக்கும்படி வாசிப்பது என்று பின்னாளில் எஃப்எம் செய்த பலவற்றை அவர்கள் முன்பே செய்து காட்டிவிட்டார்கள்.

உரிமம் வந்த மூன்று கட்டங்கள்

1993-இல் ஆகாசவாணி தன் எஃப்எம் நேரத்தைத் தனியாருக்குத் துண்டு துண்டாக விற்றுப் பார்த்தது. டெல்லி, மும்பையில் ஆரம்பித்து சென்னைக்கும் வந்த அந்த ஏற்பாடு 1998-இல் முடிந்தது. அதன்பின் வந்தவைதான் ‘கட்டங்கள்’ என்று செய்திகளில் அடிபடுபவை.

1. முதல் கட்டம் (1999 கொள்கை, 2000 ஏலம்). 40 நகரங்களில் 108 அலைவரிசைகள் ஏலத்துக்கு வந்தன. ஏலம் கேட்ட தொகையை ஆண்டுதோறும் கட்ட வேண்டும். அதுவும் வருடத்துக்கு 15 சதவீதம் ஏறிக்கொண்டே போகும். வருமானம் வருவதற்குள் கட்டணம் கழுத்தை நெரித்தது. பலர் தொடங்காமலே விலகினார்கள். இந்தியாவின் முதல் தனியார் நிலையமான ரேடியோ சிட்டி பெங்களூரில் 2001 ஜூலையில் ஒலித்தது. சென்னையில் 2003-இல் சூரியன் 93.5, ரேடியோ மிர்ச்சி 98.3 இரண்டும் வந்தன. அடுத்த கட்டத்துக்கு மாற எஞ்சியிருந்தவை நாடு முழுக்க 21 நிலையங்கள்தான்.

2. இரண்டாம் கட்டம் (2005). ஒருமுறை நுழைவுக் கட்டணம், பிறகு ஆண்டுக்கு மொத்த வருமானத்தில் 4 சதவீதம் அல்லது ஒரு குறைந்தபட்சத் தொகை என்று கணக்கு மாறியது. மூச்சு விட முடிந்தது. ஹலோ எஃப்எம் 106.4, பிக் எஃப்எம் 92.7, ரேடியோ சிட்டி 91.1 என்று சென்னை நிறைந்தது இந்தக் காலத்தில்தான்.

3. மூன்றாம் கட்டம் (2011 கொள்கை, 2015 ஏலம்). உரிமக் காலம் 10 ஆண்டிலிருந்து 15 ஆனது. பழைய நிலையங்களும் இதற்குள் மாறிக்கொண்டன. அவற்றுக்கு 2015 ஏப்ரல் 1-இலிருந்து கணக்கு. அதாவது சென்னையில் இப்போது கேட்கும் முக்கியமான நிலையங்களின் உரிமம் 2030 மார்ச்சுடன் முடிகிறது. டிஜிட்டல் பேச்சு இப்போது சூடாவதற்கு இந்தத் தேதியும் ஒரு காரணம்.

மூன்று கட்டங்களுக்கும் பொதுவான ஒன்று உண்டு. நேயரிடமிருந்து நிலையத்துக்கு ஒரு பைசா வராது. விளம்பரம் ஒன்றே வருமானம். கட்டணமோ முன்கூட்டியே நிர்ணயமானது. அப்படியானால் கூட்டம் அதிகமாக இருக்கும் இடத்தில்தான் கடை போட முடியும். தமிழில் அந்தக் கூட்டம் சினிமாப் பாட்டில் இருக்கிறது. ஆங்கிலப் பேச்சையே முதன்மையாக வைத்து நடந்த சென்னை லைவ் 104.8 போன்றவை அரிய விதிவிலக்குகள்.

செய்திக்குத் தடை

உரிமத்தில் நேயர் அறியாத, ஆனால் நிகழ்ச்சிகளை அதிகம் பாதிக்கும் வரி இது: தனியார் எஃப்எம் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்பக் கூடாது. மூன்றாம் கட்டக் கொள்கையில் ஆகாசவாணியின் செய்தியறிக்கையை எதையும் மாற்றாமல் அப்படியே ஒலிபரப்ப அனுமதி வந்தது. போக்குவரத்து நெரிசல், வானிலை, தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு, மின்தடை, குடிநீர், பேரிடர் எச்சரிக்கை ஆகியவை ‘செய்தி’யாகக் கருதப்படாது. விளையாட்டு விவரம் சொல்லலாம். ஆனால் உள்ளூர்ப் போட்டி தவிர மற்றவற்றுக்கு நேரடி வர்ணனை கூடாது.

இதனால் ஒரு ஆர்ஜேயின் நிலைமையை யோசியுங்கள். அண்ணா சாலையில் வண்டி நகரவில்லை என்று சொல்லலாம். எந்தக் கட்சியின் ஊர்வலத்தால், எதற்காக என்று இறங்கினால் சிக்கல். ஆக, மிச்சமிருப்பது சினிமா, காதல், அலுவலகக் கிண்டல், மாமியார் ஜோக், போனில் ஏமாற்றும் விளையாட்டு. பிக் எஃப்எம்மில் ஆர்ஜே பாலாஜியின் ‘கிராஸ் டாக்’ போன்ற நிகழ்ச்சிகள் அவ்வளவு பேசப்பட்டதற்கு அவருடைய திறமை ஒரு காரணம். பேச்சுக்கென்று திறந்திருந்த வழி குறுகலாக இருந்தது இன்னொரு காரணம். மிர்ச்சி சிவா, மிர்ச்சி செந்தில், சுசித்ரா என்று பலர் இங்கிருந்து சினிமாவுக்கும் சின்னத்திரைக்கும் போனதும் இதோடு சேர்ந்ததே. நகைச்சுவையும் குரலும் மட்டுமே முதலாக இருக்கும் தொழிலில் அடுத்த படி சினிமாவாகத்தான் இருக்கும்.

இது தமிழ் நேயரின் ரசனையால் வந்ததல்ல என்பதற்குக் கடலுக்கு அந்தப் பக்கமே சான்று. இலங்கையில் சூரியன் (சென்னை சூரியன் அல்ல), சக்தி, வெற்றி போன்ற தனியார் தமிழ் வானொலிகள் அதே சினிமாப் பாட்டை ஒலிபரப்பிக்கொண்டே சொந்தச் செய்தியறிக்கையும் வாசிக்கின்றன. அங்கே செய்தி நேரத்துக்கென்றே ரேடியோவைத் திருப்புபவர்கள் உண்டு. மொழி ஒன்று, பாட்டு ஒன்று, உரிமம் வேறு.

இந்தத் தடையை எதிர்த்து 2013-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போடப்பட்டது. மணிக்கு 10 நிமிடம் வரை செய்தி அனுமதிக்கலாம் என்று டிராயே 2023 செப்டம்பரில் பரிந்துரைத்தது. செய்தித்தாளும் தொலைக்காட்சியும் இணையமும் செய்தி சொல்லலாம், வானொலி மட்டும் கூடாது என்பதற்கு ஏற்கத்தக்க விளக்கத்தை அரசு இதுவரை தந்ததாகத் தெரியவில்லை.

பாட்டுக்கு என்ன விலை?

ஒரு பாட்டுக்குள் இரண்டு வகை உரிமைகள் இருக்கின்றன. ஒன்று, ஒலிப்பதிவின் மீதான உரிமை. பெரும்பாலும் இசை நிறுவனத்திடம் இருக்கும். இன்னொன்று, மெட்டுக்கும் வரிகளுக்குமான உரிமை. இசையமைப்பாளர், பாடலாசிரியர் பக்கம். வானொலி இரண்டுக்கும் பணம் தர வேண்டும் என்பது நீண்ட காலம் நீதிமன்றங்களில் இழுபட்ட சண்டை.

இதில் பயன்படும் அளவுக்கு ‘நீடில் ஹவர்’ என்று பெயர். இசைத்தட்டு ஊசி காலத்துச் சொல். பேச்சும் விளம்பரமும் நீங்கலாக, பாட்டு மட்டும் ஓடிய 60 நிமிடம் என்று பொருள். எப்படி விலை வைத்தார்கள் என்பதைப் பொறுத்து நிகழ்ச்சியின் தன்மை மாறும்.

1. மணிக்கணக்கு முறை. எவ்வளவு நேரம் பாட்டோ அவ்வளவு காசு. விளம்பரம் வராத நள்ளிரவிலும் பாட்டுக்கான செலவு ஓடும். சிறு நகர நிலையங்களுக்கு இது சுமை.

2. வருமானப் பங்கு முறை. பதிப்புரிமை வாரியம் 2010 ஆகஸ்ட் 25 அன்று நிகர விளம்பர வருமானத்தில் 2 சதவீதம் என்று ஆணையிட்டது. எத்தனை பாட்டுப் போட்டாலும் விகிதம் அதே. கூடுதலாக ஒரு பாட்டுப் போடுவதற்கு ஏறக்குறைய செலவே இல்லை என்றானது. ‘இடைவிடாமல் இத்தனை பாட்டு’ என்று நிலையங்கள் தாராளமாக அறிவிக்க முடிந்ததில் இதற்கும் பங்கு உண்டு.

3. மீண்டும் மணிக்கணக்கு. அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் 2020 டிசம்பர் 31 அன்று ஊரின் தரம், நாளின் நேரம் இரண்டையும் வைத்து நீடில் ஹவர் கட்டணத்துக்குத் திரும்பியது. ஆணை போட்ட வாரியத்தையே அடுத்த சில மாதங்களில் அரசு கலைத்துவிட்டது.

சட்டம் ஒரு பாட்டுக்கும் இன்னொரு பாட்டுக்கும் பெரிய விலை வித்தியாசம் வைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். யாரும் அறியாத சுயாதீனக் கலைஞரின் பாட்டும், போன வாரம் வெளியான பெரிய நடிகரின் பாட்டும் ஒரே நிமிடக் கணக்கு. அப்படியிருக்க, எந்த மேலாளர் முதலாவதைத் தேர்ந்தெடுப்பார்?

காலை எட்டு முதல் ஒன்பது வரை

ஒரு மணி நேரத்தை நிலையங்கள் வட்டமாக வரைந்துகொள்கின்றன. அதற்கு ‘ஹாட் கிளாக்’ என்று பெயர். நிமிடங்கள் நிலையத்துக்கு நிலையம் மாறும், எலும்புக்கூடு மாறாது.

மணி அடித்ததும் நிலையத்தின் ஜிங்கிள். உடனே அந்த வாரம் அதிகம் கேட்கப்படும் துள்ளலான பாட்டு. இப்போதுதான் திருப்பியவர் அடுத்த நிலையத்துக்குத் தாவிவிடக் கூடாது. அதன் முன்னிசை முடிந்து குரல் எழும் வரையிலான சில விநாடிகளில் ஆர்ஜே பேசி முடித்துவிடுவார். குரலின் மேல் பேச்சு ஏறினால் அது தொழில் தெரியாதவர் வேலை. பிறகு இன்னொரு பாட்டு, போக்குவரத்து நிலவரம், முதல் விளம்பரத் தொகுப்பு. விளம்பரத்துக்கு முன்னால் ‘இதுக்குப் பதில் சொல்லுங்க’ என்று ஒரு கேள்வி விழும். பதிலைத் தெரிந்துகொள்ள நேயர் விளம்பரத்தைத் தாண்டியும் காத்திருக்க வேண்டும். மூன்றாவது பாட்டு பெரும்பாலும் நாலைந்து ஆண்டு பழையது, எல்லோருக்கும் மனப்பாடமானது. அரை மணிக்குப் பிறகு நேயரின் தொலைபேசி. நேரலை போலத் தோன்றினாலும் பேச்சைச் சற்று முன்பே பதிந்து, வெட்டிச் சுருக்கிப் போடுவது சாதாரணம். கடைசிக் கால் மணியில் இன்னொரு விளம்பரத் தொகுப்பு.

எந்தப் பாட்டு எப்போது என்பதை ஆர்ஜே முடிவு செய்வதில்லை. பாட்டுகளை வகை பிரித்து மென்பொருளில் போட்டிருப்பார்கள்: புதுசு, அண்மைய வெற்றி, பத்தாண்டுப் பழசு, மெலடி, குத்து. ஒரே பாடகர் அடுத்தடுத்து வராமல், நேற்று இதே நேரத்தில் வந்தது இன்று வராமல் மென்பொருள் அடுக்கித் தரும். ‘புதுசு’ என்ற பெட்டியில் ஒரு நேரத்தில் இருப்பவை சொற்பம். அவை நாளில் பல முறை சுழன்றாக வேண்டும். காரில் அரை மணி நேரம் மட்டும் கேட்பவர் காதில் அந்தப் பாட்டு ஒரு தடவையாவது விழ வேண்டும் என்பதே கணக்கு. நாள் முழுக்கக் கடையில் ரேடியோ ஓடவிட்டிருப்பவருக்குத்தான் தலைவலி. அவரை மனதில் வைத்து அட்டவணை போடுவதில்லை.

இரவு ஒன்பதுக்கு மேல் இளையராஜா வருவதும் இதே தர்க்கம். விளம்பரக் கட்டணம் இறங்கும் நேரம் அது. சோதித்துப் பார்க்கத் தேவையில்லாத, யாரும் திருப்பிப் போகாத பாட்டு வேண்டும். மூன்றாம் கட்ட விதிப்படி ஒரே நிறுவனம் தன் நிலையங்களை இணைத்து ஒரே நிகழ்ச்சியைப் பல ஊர்களில் விடலாம் என்பதால் ஒரு ஆளின் குரல் பல ஊர்களின் இரவுக்குப் போதும். ஊருக்கு ஊர் உரிமம் தனி என்று தொடங்கிய ஏற்பாடு இங்கே மெல்லக் கரைகிறது.

கேட்பவரை அளப்பது யார்?

விளம்பரம் 10 விநாடி அலகில் விற்கப்படுகிறது. விலைக்கு அடிப்படை, எத்தனை பேர் கேட்கிறார்கள் என்ற எண்ணிக்கை. நேயர் எண்ணிக்கையை அளக்கும் டாம் நிறுவனம் 2007-இல் தொடங்கிய ‘ராம்’ அளவீடு மும்பை, டெல்லி, பெங்களூரு, பிறகு கொல்கத்தா என்று போனது, சென்னையைத் தொடவில்லை. வாரந்தோறும் எண் வராத ஊரில் பரிசோதனை செய்யும் தைரியம் வராது. புது வகை நிகழ்ச்சி பிடித்ததா என்று விளம்பரதாரரிடம் காட்ட எதுவும் இல்லாதபோது, பக்கத்து நிலையம் செய்வதையே செய்வது பாதுகாப்பு.

அரசு விளம்பரத்துக்கு விலையை அரசே வைக்கிறது. அடிப்படை விலையை 10 விநாடிக்கு 52 ரூபாயிலிருந்து 74 ரூபாயாக 2023-இல் உயர்த்தினார்கள். ஊரின் மக்கள்தொகை, நேயர் அளவை வைத்து அது பெருகும். பெருநகர நிலையத்துக்கு இது துணை வருமானம். சிறு ஊர் நிலையங்கள் பலவற்றுக்கு இதுவே அரிசி.

டிஜிட்டலில் எது மாறும், எது மாறாது

டிராயின் யோசனையின் சாரம்: ஒரு அலைவரிசையில் இப்போதைய அனலாக் சேனல் தொடரும், அதனுடன் 3 டிஜிட்டல் சேனல்களும் ஒரு தரவுச் சேனலும் சேரும். நாடு முழுக்க ஒரே தொழில்நுட்பம். எது என்று அரசு முடிவு செய்யும். இருக்கும் நிலையங்கள் விரும்பினால் மாறலாம். அனலாக்கை எப்போது நிறுத்துவது என்பதற்குத் தேதி இல்லை. ஆகவே காரிலும் கைபேசியிலும் இருக்கும் எஃப்எம்முக்கு இப்போதைக்கு ஆபத்தில்லை.

பெட்டிதான் பிரச்சினை. டிஜிட்டல் ஒலிபரப்பைப் பிடிக்க அதற்கான சில்லு வேண்டும். இருக்கிற எஃப்எம் வசதியையே கைபேசி நிறுவனங்கள் எடுத்துவிடுவதால், அதை முடக்காதீர்கள் என்று 2023-இல் மத்திய அரசு அறிவுரை அனுப்ப வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட சந்தையில் புதிய சில்லு தானாக வந்துவிடாது.

நிகழ்ச்சி விஷயத்தில் என் கணிப்பு இது. கூடுதல் சேனலுக்கும் மணிக்கணக்கில் ராயல்டி, செய்திக்கும் தடை என்று இருந்தால், அந்த மூன்றில் ஒன்று எண்பதுகளின் பாட்டு, ஒன்று பக்திப் பாட்டு, ஒன்று இடைவிடாத புதுப் பாட்டு என்றுதான் வரும். மூன்றுமே இணையத்தில் ஏற்கெனவே இலவசமாகக் கிடைப்பவை. மணிக்கு 10 நிமிடச் செய்தி என்ற 2023 பரிந்துரையையும் அரசு சேர்த்து ஏற்றால் மட்டும் ஒரு நிலையத்துக்கு இன்னொரு நிலையத்திலிருந்து வேறுபட்டு ஒலிக்கக் காரணம் கிடைக்கும். செய்தியாளரை வேலைக்கு எடுக்க வேண்டியிருக்கும் என்பதால் எல்லா நிலையங்களும் அதை விரும்பும் என்று சொல்வதற்கில்லை.